ஒன்றாம் எண் ரயில்

நியூயார்க் சப்வே வரைபடத்தில் ஒன்றாம் எண் ரயிலுக்குச் சிவப்புக் கோடு. பிராங்க்ஸின் வடமேற்கு மூலையில் 242-ஆம் தெருவில் கிளம்பி, மன்ஹாட்டன் தீவின் மேற்குப் பக்கத்தை ஒட்டியே இறங்கி, தெற்கு நுனியில் படகுத்துறையருகே முடிகிறது. ஊர் பார்க்க வருகிறவர்கள் தெற்கு முனைக்குத்தான் போவார்கள். கடல் அங்கே இருக்கிறது, சுதந்திர தேவி சிலைக்குப் போகும் படகு அங்கிருந்து கிளம்புகிறது. எனக்கு வடமுனையில் வேலை இருந்தது.

நியூயார்க் சிட்டி கல்லூரியின் 1949-50 பருவத்துக் கூடைப்பந்து அணியைப் பற்றிச் சில காலமாகப் படித்துவந்தேன். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் என்ஐடி, என்சிஏஏ என்று இரண்டு பெரிய போட்டிகள். இரண்டையும் ஒரே ஆண்டில் வென்ற அணி அது ஒன்றுதான். அடுத்த ஆண்டே அதே அணியின் ஏழு பேர் கைதானார்கள். எதைப் படித்தாலும் பக்கத்தில் வரைபடத்தை விரித்துவைப்பது என் வழக்கம். அவர்கள் படித்த மலை, வென்ற அரங்கம், பிடிபட்ட நிலையம் மூன்றும் அந்த ஒரே சிவப்புக் கோட்டில் வரிசையாக இருந்தன. அவர்களைக் காட்டிக்கொடுத்த சங்கிலியின் முதல் கண்ணியும் அதே கோட்டின் வட நுனியில். இப்படி அமைந்த பிறகு போகாமல் இருக்க முடியுமா?

242-ஆம் தெரு நிலையம் சாலைக்கு மேலே இரும்புத் தூண்களில் நிற்கிறது. ஒரு பக்கம் வான் கோர்ட்லண்ட் பூங்காவின் பச்சை. மறுபக்கம் மேட்டின்மேல் மன்ஹாட்டன் கல்லூரி, இப்போது பல்கலைக்கழகம். பெயர்தான் மன்ஹாட்டன், இருப்பது பிராங்க்ஸில். கத்தோலிக்கர்கள் நடத்தும் நிறுவனம். 1951 ஜனவரியில் இங்கே படித்துக்கொண்டிருந்த ஜூனியஸ் கெல்லாக்கைத் தேடி, அதே அணியில் முன்பு ஆடிய ஒருவர் வந்தார். ஓர் ஆட்டத்தில் கொஞ்சம் மட்டமாக ஆடினால் 1,000 டாலர் என்றார். கெல்லாக் வர்ஜீனியாவிலிருந்து வந்தவர், ராணுவத்தில் இருந்துவிட்டுப் படிக்க வந்தவர், அந்தக் கல்லூரி அணியின் முதல் கறுப்பின வீரர். பணம் தேவைப்படாத குடும்பமில்லை. ஆனாலும் நேராகத் தன் பயிற்சியாளரிடம் போய்ச் சொன்னார். பயிற்சியாளர் மேலே சொன்னார். விஷயம் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஃபிராங்க் ஹோகனின் மேசைக்குப் போனது. அங்கிருந்து அது எவ்வளவு தூரம் ஓடியது என்பதற்கு ரயிலேற வேண்டும்.

ஹார்லெம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டியும் சில நிறுத்தங்கள்வரை ரயில் வெளிச்சத்தில் போகிறது. பிறகு பாறைக்குள் புகுந்துவிடும். 191-ஆம் தெரு நிலையம் இந்த நகரத்திலேயே ஆழமானது. அதன் மேல் ஒரு குன்றே உட்கார்ந்திருக்கிறது. மன்ஹாட்டனின் மேற்குப் பக்கம் மேடு பள்ளமானது என்பது நடந்தால்தான் தெரியும், அல்லது 137-ஆம் தெருவில் இறங்கினால். நிலையத்தின் பெயரிலேயே ‘சிட்டி கல்லூரி’ உண்டு. பிராட்வேயிலிருந்து கிழக்கே ஏற்றம். மூச்சு வாங்கும் இடத்தில் கோட்டை மாதிரி ஒரு கட்டடம் எதிரே எழும்புகிறது: ஷெப்பர்ட் ஹால், ஜார்ஜ் போஸ்ட் வடிவமைத்தது. சுரங்கப் பாதைக்குத் தோண்டிய கரும்பாறையைக்கொண்டே சுவரை எழுப்பினார்களாம். அந்தக் கறுப்புக் கல்லுக்கு வெள்ளை நிறத்தில் சுடுமண் வேலைப்பாட்டுக் கரை. உற்றுப் பார்த்தால் மூலைக்கு மூலை கோணல் முகப் பொம்மைகள்: ஒன்று புத்தகம் படிக்கிறது, ஒன்று கருவியைக் கையில் பிடித்திருக்கிறது. நம் கோபுரத்துப் பூதகணங்களுக்குப் படிப்பு ஏறினால் இப்படித்தான் இருக்கும்.

1847-இல் இலவச உயர்கல்விக் கூடமாகத் தொடங்கிய கல்லூரி இது. 1976 வரை இங்கே கல்விக் கட்டணமே கிடையாது. மதிப்பெண் இருந்தால் போதும். தனியார் பல்கலைக்கழகங்கள் யூத மாணவர்களுக்கு எழுதாத அளவுகோல் வைத்திருந்த காலத்தில், தையற்காரர்களின், தள்ளுவண்டிக்காரர்களின் பிள்ளைகள் இந்த ஏற்றத்தில் ஏறினார்கள். சிற்றுண்டிச்சாலையின் தடுப்பறைகளில் 1930-களில் ஸ்டாலின் கட்சி ஒரு பக்கமும் டிராட்ஸ்கி கட்சி ஒரு பக்கமும் உட்கார்ந்து நாள் முழுக்கச் சண்டை போட்டதை அங்கே படித்தவர்கள் வயதான பிறகும் எழுதித் தீர்க்கவில்லை. பொருளியலின் கென்னத் ஆரோ, உயிர்வேதியியலின் ஆர்தர் கோர்ன்பெர்க், இயற்பியலின் லியோன் லெடர்மன் என்று நோபல் வாங்கியவர்களின் வரிசை இருக்கிறது. போலியோ தடுப்பூசி கண்ட ஜோனாஸ் சாக்கும் இந்தப் படிகளில் ஏறியவர்தான்.

இப்படிப்பட்ட கல்லூரிக்கு விளையாட்டு உதவித்தொகை கிடையாது. வெளியூரிலிருந்து ஆள் பிடித்துவரும் வழக்கமும் கிடையாது. அணி முழுக்க நகரத்துப் பையன்கள், பெரும்பாலும் பிராங்க்ஸ், புரூக்ளின், ஹார்லெம். யூதர்களும் கறுப்பினத்தவரும் மட்டுமே கொண்ட அணி. நடுவில் நின்ற உயரக்காரர் எட் ரோமன், யூதர். வளையத்தின் அடியில் முதுகைக் காட்டி நின்று, எதிரிக்குத் தோள் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவிடாமல் பந்தைப் போடும் எட் வார்னர், பெற்றோரை இழந்து ஹார்லெமில் வளர்ந்த கறுப்பினப் பையன். ஃபிளாயிட் லேன், ஆல் ராத், மூத்தவர்களில் இர்வின் டாம்ப்ராட், நார்ம் மேகர். டாம்ப்ராட்டைத் தவிர முக்கிய ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் இரண்டாம் ஆண்டு மாணவர்கள். வயது பத்தொன்பது, இருபது.

பயிற்சியாளர் நாட் ஹோல்மன். கீழ்க்கிழக்கு மன்ஹாட்டனின் யூதக் குடியிருப்பில் 1896-இல் பிறந்தவர். 1920-களில் ஒரிஜினல் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியின் நட்சத்திரம். 1919 முதல் இங்கே பயிற்சியாளர். நன்றாக உடுத்துவார், உச்சரிப்பைத் திருத்தி வைத்திருந்தார், பையன்கள் அவரை மதித்தார்கள், நெருங்கவில்லை. ஆள் தேடுவதும் எதிரணியைக் கணிப்பதும் உதவியாளர் பாபி சாண்டின் வேலை. உயரத்தை நம்பாமல் ஓயாமல் நகர்ந்து, பந்தைக் கைமாற்றிக்கொண்டே இருந்து, ஒரு கணம் காவல் தவறியவனுக்குக் கொடுப்பது ஹோல்மனின் முறை. ‘நகர ஆட்டம்’ என்று பேர்.

கூடைப்பந்து பிறந்ததும் இங்கிருந்து தூரமில்லை. 1891-இல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்எம்சிஏ பயிற்சிப் பள்ளியில், குளிர்காலத்தில் பையன்களைச் சும்மா வைத்திருக்க முடியாமல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் பீச் பழக்கூடையை மாடிக் கைப்பிடியில் அடித்தார். அதே ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் ஊர்ப் பள்ளிகளில் விசில் ஊதிய பி.டி. மாஸ்டர்கள் பலர் அந்த நந்தனம் வளாகத்தின் வாரிசுகள். விளையாட்டு நமக்கு ஒழுக்கப் பாடமாக வந்து சேர்ந்தது. நியூயார்க்குக்கு அது கேளிக்கையாகவும் டிக்கெட்டாகவும் வந்தது. விலாசம் ஒன்றே, வந்த வழி வேறு.

வளாகத்தில் இப்போது உள்ள உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஹோல்மன் பெயர். மார்ஷக் அறிவியல் கட்டடத்துக்குள் இருக்கிறது. பழைய கூடம் விங்கேட் ஹால். அதுவும் அதே கறுப்புக் கல், வெள்ளைக் கரை. கல்லூரி அணி இப்போது மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. நான் போன மதியம் மாணவர்கள் மடிக்கணினியோடு படிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வங்காளம், டொமினிகன் ஸ்பானிஷ், மேற்கு ஆப்பிரிக்க மொழி ஏதோ ஒன்று காதில் விழுந்தது. ஏற்றத்தில் ஏறும் பிள்ளைகள் மாறியிருக்கிறார்கள், ஏற்றம் அப்படியே இருக்கிறது.

அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் சிட்டி 17 வென்று 5 தோற்றது. பெரிய விஷயமில்லை. அசோசியேட்டட் பிரஸ் வெளியிட்ட கடைசித் தரவரிசையில் சிட்டியின் பெயரே இல்லை. என்ஐடிக்கு அழைப்பு வந்ததில் உள்ளூர் அணி, ஆள் கூட்டும் என்ற கணக்கும் இருந்திருக்கும்.

மலையிலிருந்து இறங்கி மறுபடி ரயில். 137-ஐத் தாண்டியதும் பாதை திடீரென்று பூமிக்கு வெளியே வருகிறது. பள்ளத்தாக்கு ஒன்றை இரும்பு வளைவின் மேல் தாண்டி, 125-ஆம் தெருவில் வானத்தில் நின்று, மறுபடி உள்ளே போகிறது. அடுத்தது 116, கொலம்பியா பல்கலைக்கழகம். இறங்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சிட்டி மாணவர்கள் பிடிபட்ட அதே காலத்தில் கொலம்பியாவில் ஆடிக்கொண்டிருந்தவர் ஜாக் மோலினாஸ். அப்போது அவர் பக்கம் யாரும் திரும்பவில்லை. 1954-இல் பந்தயம் கட்டியதற்காக என்பிஏ அவரை விலக்கியது; 1961-இல் வெடித்த அடுத்த பெரிய ஊழலுக்குச் சூத்திரதாரியே அவர்தான். இலவசக் கல்லூரியின் பிள்ளைகள் சிக்கியபோது ‘படிப்பில்லாத இடத்துப் பழக்கம்’ என்று பேசியவர்களுக்கு இரண்டு நிறுத்தம் தள்ளிப் பதில் இருந்தது.

50-ஆம் தெருவில் இறங்கி, மேலே ஏறி, மேற்கே எட்டாம் அவென்யூவுக்கு நடந்தால், செங்கல் நிறத்தில் ஐம்பது மாடிக் கோபுரம் ஒன்று, உச்சியில் செம்புக் கூரை. பெயர் ஒன் வேர்ல்டுவைட் பிளாசா, 1989-இல் முடிந்தது. நடுவே நீரூற்று, நாற்காலிகள், மதிய உணவுப் பொட்டலத்தோடு அலுவலகக்காரர்கள். 49-க்கும் 50-க்கும் இடைப்பட்ட இந்த இடத்தில்தான் பழைய மேடிசன் ஸ்கொயர் கார்டன் இருந்தது. டெக்ஸ் ரிக்கார்ட் 1925-இல் குத்துச்சண்டைக்காகக் கட்டியது. பதினெட்டாயிரம் பேர் கொள்ளும். 1960-களின் கடைசியில் இடித்த பிறகு இருபது வருடத்துக்குக் கிட்ட இது வெறும் கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. நகரத்தின் நடுவில் அவ்வளவு காலம் யாருக்கும் வேண்டாத வெற்றிடம்! வதந்தியில்லை, புகைப்படங்கள் இருக்கின்றன.

கல்லூரிக் கூடைப்பந்தை இங்கே கொண்டுவந்தவர் நெட் ஐரிஷ். விளையாட்டு நிருபர். கூட்டம் நிறைந்த ஒரு கல்லூரிக் கூடத்துக்குள் ஜன்னல் வழியாக ஏறப்போய்க் கால்சட்டை கிழிந்த அன்றுதான் அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, 1934 டிசம்பர் 29 அன்று கார்டனில் ஒரே இரவில் இரண்டு கல்லூரி ஆட்டங்கள் வைத்தார். பதினாறாயிரத்துக்கு மேல் ஆள் வந்தது. அதன்பிறகு சிட்டி, செயின்ட் ஜான்ஸ், லாங் ஐலண்ட், என்ஒய்யூ எல்லாருக்கும் சொந்தக் கூடத்தைவிட இதுதான் வீடு. ஆடுகிறவன் மாணவன். டிக்கெட் விற்பவன் மாணவனில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அடுத்த மூன்று வாரங்களைப் பார்க்க வேண்டும்.

1950 மார்ச். என்ஐடியின் முதல் ஆட்டத்தில் முந்தின ஆண்டு என்ஐடி சாம்பியன் சான் ஃபிரான்சிஸ்கோவை 65-46. அடுத்து கென்டக்கி. 1948, 1949 இரண்டு ஆண்டும் என்சிஏஏ பட்டம் வென்ற அணி, பயிற்சியாளர் அடால்ஃப் ரப், தரவரிசையில் மூன்றாவது, நடுவில் ஏழடி உயரத்து பில் ஸ்பைவி. வெள்ளையர் மட்டும் உள்ள அணி. ஆட்டத்துக்கு முன் கைகுலுக்கும் நேரத்தில் கென்டக்கிக்காரர்கள் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்பதைச் சிட்டி வீரர்கள் கடைசிவரை மறக்கவில்லை. ஜாக்கி ராபின்சன் பேஸ்பாலில் இறங்கி மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அன்றைய என்பிஏவில் ஒரு கறுப்பினத்தவர்கூட இல்லை. பிறகு நடந்ததை ஆட்டம் என்று சொல்வது கஷ்டம். வார்னர் ஸ்பைவியின் அடியில் புகுந்து புகுந்து போட்டார். ரோமன் வெளியே வந்து நின்று, ஏழடிக்காரரைத் தன்னோடு வெளியே இழுத்தார். 89-50. ரப் தன் வாழ்நாளில் கண்ட மிக மோசமான தோல்வி அது.

மாடி இருக்கைகளிலிருந்து சிட்டி மாணவர்கள் ‘அல்லகரூ’ என்று கத்துவார்கள். முதலைக்கும் கங்காருவுக்கும் பிறந்த ஏதோ ஒன்று என்று விளக்கம். டிராட்ஸ்கியைக் கரைத்துக் குடித்த கல்லூரிக்கு இப்படி ஒரு போர்முழக்கம்!

அரையிறுதியில் டுகேன், 62-52. அந்த டுகேன் அணியில் ஆடிய சக் கூப்பர்தான் அடுத்த மாதம் என்பிஏ தேர்வில் எடுக்கப்பட்ட முதல் கறுப்பின வீரர். மார்ச் 18 இறுதியில், நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த பிராட்லி, 69-61. தொடரின் சிறந்த வீரர் வார்னர்.

மூச்சு விடுவதற்குள் என்சிஏஏ. கிழக்குப் பகுதி ஆட்டங்களும் இறுதியும் அதே கார்டனில்தான். தரவரிசையில் இரண்டாவதான ஒஹையோ ஸ்டேட்டை ஒரே ஒரு புள்ளியில், 56-55. நார்த் கரோலினா ஸ்டேட்டை 78-73. மார்ச் 28, மறுபடி பிராட்லி. மேகர் முதல் பாதியில் எதிரணிக்காரரோடு முட்டிக்கொண்டு நெற்றியில் தையலோடு திரும்பி வந்தார். கடைசி நிமிடத்தில் பிராட்லி துரத்திவந்து 69-68 ஆக்கியது. ஜீன் மெல்கியோரி, குள்ளமான ஆள், பெரும் சாமர்த்தியசாலி, பந்தைப் பறித்துக்கொண்டு வளையத்துக்குப் பாய்ந்தார். டாம்ப்ராட் குறுக்கே விழுந்து பந்தை எடுத்தார், எடுத்த கையோடு நீளமாக எறிந்தார், அங்கே தனியாக மேகர். 71-68. தரவரிசைப் பட்டியலிலேயே இல்லாத அணி முதல், இரண்டாம், மூன்றாம், ஐந்தாம், ஆறாம் இடத்து அணிகளை வரிசையாகச் சாய்த்திருந்தது. முதலிடத்து அணியை இரண்டு முறை.

நீரூற்றின் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைக்கும்போது, அரங்கத்தில் அன்று எழுந்த சத்தம் எதற்காக என்ற கேள்வி வருகிறது. மாணவர்களின் சத்தம் சரி. கீழ் வரிசைகளில் சுருட்டு பிடித்தவர்களின் சத்தம் வேறு. ஆட்டம் முடிவாகிப் பத்துப் பதினைந்து புள்ளி வித்தியாசம் நிற்கும்போது, கடைசி விநாடியில் யாரோ சும்மா எறிந்த பந்து உள்ளே போனதற்குக் கார்டன் கூரை அதிரும் என்று அன்றைய நிருபர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏன் அதிர வேண்டும்?

1940-களில் பந்தயக்காரர்கள் புது முறைக்கு மாறியிருந்தார்கள். யார் ஜெயிப்பார் என்று பணம் கட்டினால், பலசாலி அணி ஆடும் ஆட்டத்தில் எதிர்ப்பக்கம் கட்ட ஆளே இருக்காது. அதனால் வித்தியாசத்தின்மேல் கட்டவைத்தார்கள். சிட்டி பன்னிரண்டு புள்ளியில் ஜெயிக்கும் என்று புக்கிகள் விலை வைத்தால், சிட்டிமேல் கட்டியவனுக்குப் பணம் வர, அதற்கு மேல் ஜெயிக்க வேண்டும். எட்டுப் புள்ளியில் ஜெயித்தால் கட்டியவன் தோற்றான், சிட்டி ஜெயித்தது. சூதாடி வந்து பத்தொன்பது வயதுப் பையனிடம் கேட்பது இதுதான்: தம்பி, தோற்கச் சொல்லவில்லை. ஜெயித்துக்கொள். கொஞ்சம் குறைத்து ஜெயி. கிரிக்கெட்டில் நோ-பால் போட்டுக் காசு வாங்கிய கதைகளைப் பார்த்துவிட்ட நமக்கு இந்தக் குரல் பழக்கமானது. கல்லூரிக்குத் துரோகமில்லை, தோழர்களுக்குத் துரோகமில்லை, புள்ளிப் பட்டியலில் கீறல் இல்லை. இவ்வளவு சுத்தமாகத் தோன்றும் அழுக்கை அதற்கு முன் யாரும் கண்டுபிடித்ததில்லை.

தூண்டில் கோடையிலேயே போடப்பட்டிருந்தது. நகரத்துக்கு வடக்கே கேட்ஸ்கில் மலைகளில் யூதக் குடும்பங்கள் விடுமுறைக்குப் போகும் பெரிய விடுதிகள். கல்லூரி ஆட்டக்காரர்களுக்கு அங்கே பகலில் மேசை துடைக்கும் வேலை, மாலையில் விருந்தினருக்காகக் கூடைப்பந்து. விருந்தினர்கள் வேடிக்கைக்குப் பந்தயம் கட்டுவார்கள், ஜெயித்தவர் பையன் கையில் எதையாவது திணிப்பார். அங்கே தோழனாகப் பழகிய லாங் ஐலண்ட் பல்கலைக்கழக ஆட்டக்காரர் எடி கார்ட், நகைத் தொழில் செய்த சூதாடி சால்வடோர் சொலாசோவின் ஆள். தொகை சில ஆட்டங்களில் ஆளுக்கு 1,500 டாலர்வரை போனது. இரட்டைப் பட்டம் வென்ற அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களிலேயே சிலர் புள்ளி குறைத்திருந்தார்கள் என்பதும் பிறகு வெளிவந்தது. மார்ச் மாத ஆட்டங்கள்மேல் அந்தக் கறை இல்லை. அவ்வளவு பணம் புழங்கிய இடத்தில் மூன்று வாரம் அவர்கள் சும்மா ஆடினார்கள்.

பையன்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கெல்லாக் மாட்டேன் என்றார். அவரும் ஏழை, அவருக்கும் அதே வயதுக்காரர்களின் ஆசைகள். ஆனால் பதினெட்டாயிரம் டிக்கெட்டில் அரங்கத்துக்குப் பங்கு, கல்லூரிக்குப் பங்கு, பத்திரிகைக்கு விற்பனை, புக்கிக்குத் தரகு. பந்தை எறிகிறவனுக்கு மட்டும் ரயில் கட்டணம். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்களில் யாரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை.

42-ஐத் தாண்டி 34, பென் நிலையம். 1951 பிப்ரவரி 17 இரவு சிட்டி அணி பிலடெல்பியாவில் டெம்பிள் அணியை வென்றுவிட்டு ரயிலில் திரும்பியது. நிலையத்தில் மாவட்ட வழக்கறிஞரின் துப்பறிவாளர்கள் ரோமன், வார்னர், ராத் மூவரையும் தனியே அழைத்துப் போனார்கள். கல் தூண்களும் கண்ணாடிக் கூரையுமாக ரோமாபுரிக் குளியல் மண்டபத்தைப் பார்த்துக் கட்டிய அந்தப் பழைய நிலையம் இன்று இல்லை. 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அதன் கல் கழுகுகள் இரண்டு மட்டும் ஏழாம் அவென்யூ நடைபாதையில் உட்கார்ந்திருக்கின்றன. கீழே இறங்கினால் தாழ்ந்த கூரை, பீட்சா வாசனை, அறிவிப்பு இரைச்சல். எதிர்ப்புறத்து அஞ்சலகக் கட்டடத்துக்குள் 2021-இல் திறந்த மொய்னிஹன் மண்டபம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒன்றாம் எண் ரயிலில் வருகிறவனுக்கு முதலில் கிடைப்பது இந்தப் பழைய பாதாளம்.

மூவர் கைதானதும் மலைமேல் மாணவர்கள் கூடினார்கள். மிச்சமிருந்த ஃபிளாயிட் லேனைத் தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். இவனாவது நம் மானத்தைக் காத்தானே என்று. சில நாளில் லேனும் ஒப்புக்கொண்டார். பிராங்க்ஸில் தன் வீட்டுக்குத் துப்பறிவாளர்களை அழைத்துப்போய், பூந்தொட்டி மண்ணைத் தோண்டி, சுருட்டி வைத்த 2,890 டாலரை எடுத்துக் கொடுத்தார். தோளில் ஏறி இருந்த அந்த நேரத்தில் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! வாங்கிய பணத்தைச் செலவழிக்கத் தெரியாமல் மண்ணில் புதைத்த பையனை நான் எந்தக் கணக்கில் வைப்பது?

பிறகு டாம்ப்ராட், மேகர், அதே அணியின் கோஹன். ஏழு. லாங் ஐலண்ட் அணியின் ஷெர்மன் வொயிட், நாட்டிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பேரெடுத்துக்கொண்டிருந்தவர், அவரும் சிக்கினார். கோடையில் அடால்ஃப் ரப், தன் பையன்களைச் சூதாடிகள் பத்தடிக் கழியால்கூடத் தொட முடியாது என்ற பொருளில் பேசினார். அக்டோபரில் அவருடைய பழைய நட்சத்திரங்கள் குரோசாவும் பியர்டும் கைதானார்கள். பிராட்லியின் மெல்கியோரி அந்த ஆண்டு என்பிஏ தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர். ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. மொத்தம் ஏழு கல்லூரிகள், 32 வீரர்கள். நீதிபதி சால் ஸ்ட்ரைட் சொலாசோவுக்கு எட்டு முதல் பதினாறு ஆண்டு கொடுத்தார். சிட்டி வீரர்களில் பெரும்பாலோருக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது, ராத் சிறைக்குப் பதில் ராணுவத்துக்குப் போனார். உள்ளே போனவர் வார்னர். ஏன் அவர் மட்டும் என்று ஹார்லெம் கேட்டது, இன்னமும் கேட்கிறது.

நகர உயர்கல்வி வாரியம் சிட்டி அணி இனி கார்டனில் ஆடக்கூடாது என்றது. ஹோல்மனை 1952-இல் இடைநீக்கம் செய்து 1954-இல் திரும்ப எடுத்தார்கள். ரோமன் உளவியலில் முனைவர் பட்டம் வாங்கிப் பள்ளிகளில் வேலை பார்த்தார். டாம்ப்ராட் பல் மருத்துவர். என்பிஏ எல்லாருக்கும் கதவைச் சாத்தியது. லேன் ஊர் ஊராகக் கீழ்மட்டத் தொழில்முறை ஆட்டங்களில் சுற்றி, பிராங்க்ஸில் சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்களில் ஒருவர் பிற்கால என்பிஏ நட்சத்திரம் டைனி ஆர்ச்சிபால்ட். 1974-இல் சிட்டி கல்லூரி லேனைத் தன் பயிற்சியாளராக அழைத்தது. பதினான்கு ஆண்டுகள் இருந்தார். 2024-இல், 95 வயதில் இறந்தார். அவரை அன்று பயிற்சியாளராக அழைத்தவர்களின் பெயரைத் தேடினால் கிடைக்கும். அவர்களுக்கும் ஒரு கோணல் முகப் பொம்மை வைக்கலாம், கறுப்புக் கல்லில், வெள்ளையாக.

இன்றைய மேடிசன் ஸ்கொயர் கார்டன் பென் நிலையத்தின் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. பழைய நிலையத்தை இடித்ததே இதற்காகத்தான். நான் போன மாலை மேலே ஆட்டம் இல்லை, நிக்ஸ் அணி வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தது. நியூயார்க் மாநிலத்தில் 2022 ஜனவரி முதல் கைப்பேசியிலேயே விளையாட்டுப் பந்தயம் கட்டலாம். சட்டப்படி, வரியோடு. சப்வே பெட்டியிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் தப்பாது. கீழ்த்தள மதுக்கடை ஒன்றின் திரையில் ஆட்டம் ஓடியது. நிக்ஸ் சட்டை போட்ட நடுவயதுக்காரர் ஒருவர் திரையையும் கைப்பேசியையும் மாறி மாறிப் பார்த்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

“தோற்கிறார்களா?” என்று கேட்டேன்.

“ச்சே. ஐந்து புள்ளி முன்னால் இருக்கிறார்கள்.”

“பிறகென்ன கவலை?”

“எனக்கு ஏழு வேண்டும்” என்றார்.